ஐம்பது காசு ஒரு பவுண்ட்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காசு முறையோடு பல வருடம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் ஆட்டம். அதில் புதிதாக டஞ்சன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், ஆகப்போகும் நண்பன் ஒருவன் கேட்டான்: ஆட்டத்தில் இருக்கிற காசு முறையையே வைத்துக்கொள்ளட்டுமா, சொந்தமாக ஒன்று செய்யட்டுமா என்று. பத்து செம்பு ஒரு வெள்ளி, பத்து வெள்ளி ஒரு தங்கம், பத்து தங்கம் ஒரு பிளாட்டினம், இதெல்லாம் அவனுக்கே தெரியும். நடுவில் அரைத் தங்கத்துக்குச் சமமாக எலெக்ட்ரம் என்று ஒரு காசும் உண்டு, புதையலில் அது வந்தால் மேசையில் எல்லாரும் முழிப்பார்கள், அதை விடு. நான் சொல்ல வந்தது எடையைப் பற்றி.

எந்த உலோகமானாலும் சரி, 50 காசு ஒரு பவுண்ட். விதிப்புத்தகத்தில் ஒரு வரிதான், பல குழுக்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நான் கறாராகப் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை பாழடைந்த கோட்டையின் நிலவறையில் 6,000 செப்புக்காசு வைத்தேன். பெட்டியைத் திறந்ததும் ஆரவாரம், அப்புறம் யாரோ கணக்குப் போட்டார்கள்: 120 பவுண்ட். வலிமை எண் 8 உள்ள மந்திரவாதிப் பாத்திரம் மொத்தமாகச் சுமக்கக்கூடியதே அவ்வளவுதான். மதிப்போ 60 பொற்காசு, தங்கமாகக் கிடைத்திருந்தால் ஒன்றேகால் பவுண்டுக்குள் முடிந்திருக்கும். கயிற்றை எறியலாமா, கூடாரத்தை எறியலாமா என்று பெரிய சண்டை. கடைசியில் பாதியை மூட்டையாகக் கட்டி, மிதித்தால் அம்பு பாயும் கல்லின் மேல் வைத்து அழுத்திவிட்டு எல்லாரும் நடந்து போனார்கள். செம்புக்கு அப்படி ஒரு பயனை நான் யோசித்துக்கூட வைக்கவில்லை. அந்த ஒரு வரி விதி இல்லையென்றால் இது நடந்தே இருக்காது.

அதே விதியை விலைப்பட்டியல் பக்கம் திருப்பினால்தான் எரிச்சல் வருகிறது. ஐந்தாம் பதிப்பில் முழுத் தகட்டுக் கவசம் 1,500 பொற்காசு, அதாவது 30 பவுண்ட் தங்கம். கவசத்தின் எடையே 65 பவுண்ட். கொல்லனிடம் ஏறக்குறைய பாதிக் கவச எடைக்குத் தங்கத்தைக் கொட்டிவிட்டு இரும்பை மாட்டிக்கொண்டு வரவேண்டும்! அதே பட்டியலில் தொழில் தெரியாத கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளி. அவன் ஒரு செம்பும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அந்தக் கவசத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகும். சரி, போர்க்கவசம் பிரபுக்களுக்கானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிரபு அதை வாங்க மாட்டுவண்டியோடு வரவேண்டுமா? பழைய முதல் பதிப்பில் பத்து காசே ஒரு பவுண்ட் என்பதை நினைத்தால் இப்போதையது எவ்வளவோ தேவலை.

பிளாட்டினம் இதற்கு மருந்து போலத் தெரியும், அதே மதிப்புக்குத் தங்கத்தில் பத்தில் ஒரு பங்கு எடைதானே. ஆனால் அது உருக 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும், தங்கத்துக்கு 1,064 போதும். கரி உலையை ஊதிக்கொண்டிருக்கும் எந்த ஊர் அக்கசாலையில் அதை வார்த்தார்கள் என்று பிளேயர் ஒருவர் கேட்டார். டிராகன் நெருப்பில் என்று சமாளித்தேன். அதன்பின் அந்தக் காசு கிடைக்கும்போதெல்லாம் எந்த டிராகன் என்று விசாரிக்கிறார்கள், எனக்குப் பிடித்த தொல்லை அது.

உண்மையில் இந்த முறையைக் கொல்வது மாயப்பைதான். உள்ளே 500 பவுண்ட் வரை, அதாவது 25,000 காசு போடலாம், பையின் எடை கூடவே கூடாது. அது ஒன்று பிளேயர் குழுவின் கையில் கிடைத்த அன்றே எடை என்ற பேச்சு முடிந்தது. அதற்குப்பின் செம்பும் வெள்ளியும் பாத்திர விவரம் எழுதும் கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் கிறுக்கிய எண்கள், அவ்வளவுதான். அப்படியானால் ஐந்து வகைக் காசு எதற்கு, இத்தனை வகுத்தல் எதற்கு?

ஆகவே நண்பனுக்கு என் பதில்: எடையைத் தூக்கிப் போடு, எல்லா விலையையும் தங்கத்திலேயே சொல், நிம்மதியாக ஆட்டத்தை நடத்து. மேலே அந்தச் செப்பு மூட்டையை அவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், நேற்றைய செஷனில் ஒரு மணி நேரம் பங்கு பிரிப்பிலேயே போனது, அந்தக் கடுப்பு இன்னும் இறங்கவில்லை. நான் விதியை மாற்றப்போவதில்லை. அடுத்த ஆட்டத்தில் மாயப்பை மட்டும் கிடையாது, பிளேயர்களிடம் இன்னும் சொல்லவில்லை.