கூட்டமாகவா, ஜோடியாகவா?

அமெரிக்காவின் டேடோனா, டல்லடேகா நீள்வட்டப் பந்தயத் தடங்களில் முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்து வழிவிடும். ஒட்டிப் போகிறவருக்கு வேகம் இலவசம். அங்கே நடக்கும் நாஸ்கார் கார் பந்தயத்தில் இதை இரண்டு விதமாக ஆடிப் பார்த்துவிட்டார்கள்.

2011-இல் ஜோடி முறை உச்சத்தில் இருந்தது. பின்கார் முன்காரின் பம்பரை முட்டித் தள்ளிக்கொண்டே போகும். தள்ளுகிறவருக்குப் பாதையே சரியாகத் தெரியாது. ரேடியோவில் வரும் குரல்தான் கண். காற்றுப் படாமல் பின்காரின் இன்ஜின் சூடேறும் என்பதால் அடிக்கடி இடம் மாற வேண்டும். அந்த ஏப்ரலில் டல்லடேகாவில் முன்னிலை 88 முறை கைமாறியது. ஜிம்மி ஜான்சன் 0.002 விநாடி வித்தியாசத்தில் வென்றார். கணக்கு பிரமாதம்தான். பார்க்கத்தான் என்னமோ நடன வகுப்பு மாதிரி இருந்தது.

கூட்ட முறையில் கார்கள் இரண்டு மூன்று வரிசையாக நெருக்கியடித்து ஓடும். துணையில்லாமல் வரிசையை விட்டு விலகினால் மளமளவென்று பின்னுக்குப் போக வேண்டியதுதான். யார் நம் பின்னால் வருவார் என்பதே கடைசிச் சுற்றுவரை சஸ்பென்ஸ். ஒரு தப்பான தள்ளல் போதும்: 2024 அக்டோபரில் அதே டல்லடேகாவில் 28 கார்கள் ஒரே விபத்தில் சிக்கின. எரிபொருளை மிச்சம் பிடிக்க மெதுவாக உருட்டுவது வேறு எரிச்சல். இருந்தாலும் என் ஓட்டு கூட்டத்துக்கே. 2012-இல் நாஸ்கார் குளிர்விப்பு விதிகளை மாற்றி ஜோடிகளைப் பிரித்தபோது எனக்கு வருத்தமே இல்லை.