கோத்தகிரி மூடுபனியில் முற்றத்து இருக்கைகள்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் எங்கள் வீட்டின் முன்புறம் பாதி கூரைக்குள்ளும் பாதி வெட்டவெளியிலுமாக ஒரு முற்றம் உள்ளது. தேக்குப் பெஞ்சு ஒன்று, இரும்பு மேசையும் அதற்கான நாற்காலிகளும், பிளாஸ்டிக் இழையால் பின்னிய சோபா ஒன்று, கூடலூர்ப் பக்கத்திலிருந்து வாங்கி வந்த உண்ணிக்குச்சி (லாண்டனா செடியின் தண்டு) நாற்காலிகள் என நான்கு வகை இருக்கைகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே வெயிலையும் ஒரே மழையையும் வாங்கிய இந்த நான்கும் எப்படியெல்லாம் மாறின என்பதை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது. சமவெளி வீடுகளுக்காகச் சொல்லப்படும் பராமரிப்பு முறைகளில் பல இங்கே பலிப்பதில்லை என்பதால், மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் விருந்தினர் விடுதி நடத்துபவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பொருள்களைக் கெடுப்பது மழையில் நனைவதைக் காட்டிலும் நனைந்தது காயாமல் கிடப்பதுதான். கோவையில் எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் மறுநாள் வெயில் இரண்டு மணி நேரம் அடித்தால் நாற்காலி உலர்ந்துவிடும். மலையிலோ மழையே பெய்யாத நாளிலும் மூடுபனி இறங்கி, பலகையின் மேற்புறம் காய்ந்ததுபோல் தோன்றும்போதே அடிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் அப்படியே நின்றால் அதை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். ஆகவே கழுவுவதிலும் மெருகேற்றுவதிலும் செலவிடும் நேரத்தைவிட, ஒவ்வொரு பொருளுக்கும் அடியிலும் பின்னாலும் காற்று புகும்படி வைப்பதில் செலவிடும் நேரமே எனக்குப் பெரும் பலன் தந்திருக்கிறது. பெஞ்சைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டதே அதன் முதுகுப் பலகையில் பச்சை படர்வதைப் பெருமளவு குறைத்தது.

எந்த மாதத்தில் எதைச் செய்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரம் நடுவில் நிற்பதால், அதற்கு மேற்கே உள்ள பகுதிகள் தென்மேற்குப் பருவமழையை முழுமையாக வாங்குகின்றன. கிழக்கே உள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 2019 ஆகஸ்ட்டில் மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கத்து ஆகஸ்ட் அந்த அளவுக்குக் கொடுமையானதன்று. எனவே உதகை, கூடலூர் வாசிகள் மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டிய வேலையை நாங்கள் செப்டம்பர் வரை தள்ளிப்போடலாம் என்றாலும், பெயிண்ட் வேலைக்கு மட்டும் பிப்ரவரியும் மார்ச்சும்தான் எல்லோருக்கும் ஏற்ற மாதங்கள்.

தேக்குப் பெஞ்சைப் பற்றி நிறையச் சொல்லலாம். வாங்கியபோது தேன் நிறத்தில் இருந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, மரம் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுவதால் மலையில் இந்த மாற்றம் விரைவாகவே நடக்கிறது. குளிர்கிறதே என்று வெயிலை லேசாக நினைக்கக் கூடாது. நிறம் மாறுவது மேல்தோலோடு நிற்கும் மாற்றம். மரத்தின் வலுவுக்கு அதனால் குறையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து எங்களுக்கு மரவேலை செய்து கொடுக்கும் தச்சரிடம் எண்ணெய் பூசலாமா என்று கேட்டபோது, "எண்ணெய் போட ஆரம்பிச்சீங்கன்னா நிறுத்தக் கூடாதுங்கம்மா, வருசா வருசம் போடோணும். இல்லீன்னா தொடாம விட்டுருங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். நாங்கள் தொடாமல் விட்டுவிட்டோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகுவதற்கு வறண்ட காற்று வேண்டும். ஈரக்காற்றில் அது பிசுபிசுப்பாகவே நிற்பதோடு கரும்பூஞ்சைக்கு உணவாகவும் ஆகிவிடுகிறது. அண்டை வீட்டில் எண்ணெய் பூசிய பெஞ்சு ஒரே மழைக்காலத்தில் கரும்புள்ளி போட்டதையும், எங்கள் பெஞ்சு வெறும் சாம்பல் நிறத்தோடு நின்றதையும் ஒப்பிட்டே இதைச் சொல்கிறேன். எண்ணெய் பூசுவதாகவே முடிவெடுத்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறப்போட்டோதான் அப்புறப்படுத்த வேண்டும். வார்னிஷ் பற்றியோ சொல்ல அதிகமில்லை. வெட்டவெளியில் அது வெடித்து, வெடிப்புக்குள் நீர் புகுந்து, செதில் செதிலாக உரிந்துவிடும்.

பெஞ்சைக் கழுவுவது ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட மாதங்களில். வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பைக் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, நிழலில் காயவிட்டால் போதும். இரும்பு நார் கூடாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புக் கறையாக ஊறிவிடும். சாதாரண இரும்புத் திருகாணியைச் சுற்றி வரும் கறுப்பு வளையமும் இதே வகைதான். இந்தக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும், ஆனால் அது நச்சுப் பொருள். கையுறை அணிந்து பூசி, பின்பு தாராளமாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். சலவைச் சோடாவைப் போட்டுக் கழுவினால் தேக்கு இன்னும் கறுத்துப்போகும். காரைக் கழுவும் உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சியை மரத்தின் மேல் காட்டவே வேண்டாம். ரேகைகளுக்கு இடையில் உள்ள மென்மையான பகுதியை அது அரித்து எடுத்துவிட, அந்தப் பள்ளங்களில்தான் அடுத்த ஆண்டுப் பாசி குடியேறும்.

பாசி எல்லாம் ஒன்றன்று என்பதையும் கவனிக்க வேண்டும். கைபட்டால் வழுக்கும் பச்சைப் படலம் சோப்பு நீருக்கே போய்விடும். காய்ந்த தகடுபோல் ஒட்டிக்கொண்டு ஓரங்கள் சுருண்டு வெளிர்சாம்பல் நிறத்தில் படர்வது, நாம் மசாலாவில் போடும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்தது. அதைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் மரத்தின் நாரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். அரைமணி நேரம் ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, மழுங்கிய மரக் கரண்டியால் தள்ளினால் முழுதாகக் கழன்றுவிடும். பெஞ்சின் கால்களில் அடிமுனைதான் பலவீனமான இடம். வெட்டுமுனை நீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருப்பதால், நான்கு கால்களுக்கும் நைலான் குமிழ் அடித்து தரையிலிருந்து விரல் தடிமனுக்கு உயர்த்தி வைத்திருக்கிறோம். இணைப்பு தளர்ந்து மறுபடி ஒட்ட நேர்ந்தால், உள்ளறைப் பொருள்களுக்கான வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும் என்பதால் ஈரம் தாங்கும் மரைன் வகைப் பசையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரும்பு மேசையும் நாற்காலிகளும் பார்க்க அழகானவை. ஆனால் அதிக வேலை வாங்குபவை அவைதான். துரு எப்போதும் மூன்று இடங்களில் தொடங்குகிறது: வெல்டிங் இணைப்பில், கால் தரையைத் தொடும் இடத்தில், குழாயின் உட்புறத்தில். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் வாங்கிய நாற்காலிகளில் குழாய் முனைகளை அடைக்காமலே விற்றிருந்தார்கள். உள்ளே நீர் தேங்கி, வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே ஒரு காலின் அடிப்பகுதி கடலைத் தோல்போல் மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தியதும் உள்வாங்கிவிட்டது. அந்தக் காலை வெட்டி மாற்றிய பட்டறையில் சொன்னபடி, எல்லாக் குழாய்களிலும் மிகத் தாழ்வான இடத்தில் 5 அல்லது 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, மேல் முனைகளை ரப்பர் மூடியால் அடைத்தோம். நீர் தேங்குவது அதோடு நின்றது.

பெயிண்ட் அடிப்பதில் நாள் பார்ப்பதுதான் வித்தை. துரு ஏறிய இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 எண் உப்புத்தாளும் பிறகு 120 எண் உப்புத்தாளும் போட்டு, தின்னரால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு என்று வைத்தால் இரவு இறங்கும் பனியிலேயே தேய்த்த இரும்பு மறுபடி மஞ்சள் பூத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும், இரும்பின் வெப்பநிலை பனிபடியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலும் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் துறையின் பொதுவிதி. கருவி எதுவும் இல்லாமல் இதைப் பின்பற்ற எளிய வழி, காலை பத்து மணிக்குமேல் வெயிலில் போட்டு இரும்பு தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது தொடங்கி, பிற்பகல் மூடுபனி ஏறும் முன்பே முடித்துக்கொள்வதாகும். கோட் காய்வதற்குள் பனி பட்டுவிட்டால் எனாமல் பளபளப்பிழந்து வெளிறிப்போகும். பிரைமருக்கு மேல் மெல்லிய கோட் இரண்டு அடிப்பது, கெட்டியாக ஒன்று அடிப்பதைவிட நீடிக்கிறது. ஆண்டுதோறும் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. பெயிண்ட் கொப்பளித்த இடங்களை மட்டும் மழைக்கு முன் தேடிப்பிடித்துச் சரிசெய்தால் போதும்.

பின்னல் சோபா பாலிஎத்திலீன் இழையால் ஆனது. தண்ணீர் பீய்ச்சிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது. பின்னலின் அடியில் குளவி கூடு கட்டும். உட்காருமுன் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது நல்லது. வாங்கும்போது கையில் ஒரு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. பின்னலுக்குள் துருப்பிடித்தால் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வழியே இல்லை. அலுமினியச் சட்டம் விலை கூடுதல் என்றாலும் இந்த ஈரத்துக்கு அதுதான் பொருத்தம்.

உண்ணிக்குச்சி நாற்காலிகளை நான் விரும்பி வைத்திருக்கிறேன். காட்டை அடைத்துப் படரும் உண்ணிச்செடியை வெட்டி, தண்டை வேகவைத்துத் தோலுரித்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பின்னும் இந்தக் கைத்தொழில் பழங்குடி மக்களுக்கு வருமானம் தருகிறது. களைச்செடிக்கும் ஒரு பயன் கிடைக்கிறது. வைக்க வேண்டிய இடம் கூரைக்கு அடியில்தான். சாரல் படும் இடம்கூட ஆகாது. கூரைக்குள் இருந்தவரை தூசி தட்டுவதையும் எப்போதாவது பிழிந்த ஈரத் துணியால் துடைப்பதையும் தவிர எதுவும் கேட்டதில்லை. குச்சியின் வெட்டுமுனையில் மாவுபோல் தூள் உதிர்ந்தால் துளைக்கும் வண்டு புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த நாற்காலியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

மெத்தைகளைப் பொறுத்தவரை எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. இலவம்பஞ்சு ஈரம் குடித்தால் கட்டிதட்டிப் போகிறது. சாதாரண ஸ்பாஞ்ச் உள்ளே காய்வதே இல்லை. குரங்குகள் வந்தால் முதலில் கிழிப்பதும் மெத்தையைத்தான். தேவைப்படும்போது வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து போட்டு, எழும்போது திரும்ப எடுத்துச் செல்வதே நடைமுறையில் சரிப்படுகிறது.

மூடி வைப்பது பற்றியும் பலர் கேட்பதுண்டு. பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் வெளிமழை உள்ளே வராது, உள்ளீரமும் வெளியே போகாது. மழைக்காலம் முடிந்து அவிழ்க்கும்போது பூஞ்சணம் பூத்த நாற்காலியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காற்றுத்துளை வைத்த துணி உறையாக இருந்தால், மேசை மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் போர்த்துங்கள். நீர் தேங்காமல் சரிந்து ஓடும். தேக்குக்கு உறையே வேண்டாம் என்பது என் முடிவு.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கரடி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவை உடைக்கும் விலங்கு அது. மரத்துக்கு நல்லது என்று சிலர் தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ தடவுகிறார்கள். இவை காய்ந்து இறுகாமல் சிக்குவாடை அடிப்பவை என்பது ஒருபுறம் இருக்க, அந்த வாடையை முற்றத்தில் நிரந்தரமாக வைத்திருப்பது இந்த ஊரில் ஆபத்தானது. சாப்பிட்ட மேசையை அன்றிரவே சோப்பு நீரால் துடைத்துவிடுவதும் இதனால்தான்.

தரைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் நன்றாக வேலை செய்கிறது. சிமென்ட் தரையில் பாசி வழுக்காமல் இருக்க வேறு வழியும் குறைவு. ஆனால் இரும்புக் கால்களை முதலில் தூக்கி அப்புறம் வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் துரு விரைவுபடும். அதே நாளில் அதே இடத்தில் வினிகரோ ஆக்ஸாலிக் அமிலமோ பயன்படுத்தக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால், வெட்டவெளிக்குத் தேக்கும் அலுமினியச் சட்டப் பின்னலும், கூரைக்கு அடியில் உண்ணிக்குச்சியும் வாங்குவேன். இரும்பை, ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒரு நாளை ஒதுக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். எதை வாங்கினாலும் திருகாணிகள் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே மாற்றிவிடுவது கறை விழுந்தபின் மாற்றுவதைவிட மலிவு.