மனோன்மணீயத்துக்கு எடுத்த வாடகை புரொஜெக்டர்

மனோன்மணீயத்தில் 5 அங்கம், 20 களம் (காட்சி). அரண்மனை, ஆசிரமம், கோட்டை, போர்க்களம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட இந்த நாடகத்தில் பலருக்கும் தெரிந்தது 'நீராருங் கடலுடுத்த' மட்டும்தான். அத்தனை களத்துக்கும் படுதா எழுதி மாளாது. கறுப்புத் தரை, ஒரு மரப்பெட்டி, மேடையின் முன்னால் மெல்லிய வலைத்துணி, மிச்சத்துக்கெல்லாம் புரொஜெக்டர் என்று எங்கள் குழு முடிவு செய்தது. வடபழனிப் பக்கம் ஒரு கடையில் 10,000 லூமென்ஸ் வெளிச்சம் தரும் லேசர் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம்.

மெஷினில் குறையே இல்லை. படத்தின் அகலத்தில் 0.8 மடங்கு தூரமே போதும் என்கிற ஷார்ட் த்ரோ லென்ஸ் என்பதால் 20 அடி அகலத் துணியை 16 அடி தூரத்திலிருந்தே நிறைத்துவிட்டது. சேர மன்னன் புருடோத்தமன் கனவில் பாண்டிய இளவரசி மனோன்மணி வரும் இடத்துக்குத்தான் இந்த ஏற்பாடே. துணியில் வெறும் மேகம் ஓடும்போது பின்னால் நிற்கும் பெண் தெரியவே மாட்டாள். படத்தை மங்கவிட்டு அவள் மேல் பக்கவாட்டு விளக்கை ஏற்றினால் துணி மறைந்து அவள் மட்டும் தெரிவாள். முன்விளக்கு கொஞ்சம் துணியில் பட்டாலும் போச்சு, எல்லாம் வெளுத்துவிடும்.

கடைமேல் என் புகார் வேறு. கடைசிக் களத்தில் சுரங்கத்திலிருந்து புருடோத்தமன் வெளிப்படும் முன் கும்மிருட்டு வேண்டும். ஆபரேட்டர் தம்பி கறுப்பு ஸ்லைடு போட்டார். துணியில் சாம்பல் நிறத்தில் பெரிய செவ்வகம் அப்படியே நின்றது. "கறுப்புப் படம்தானே சார், வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?" என்றார். வரும் தம்பி, விளக்கு எரிந்தால் கசியத்தான் செய்யும். ஒளியை நிறுத்தும் ஷட்டர் பொத்தானை அழுத்தினால் லேசரே அணைந்துவிடும். ஆனால் அதற்கான ரிமோட்டைக் கடையில் பெட்டியில் வைக்கவே இல்லை. நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பைக்கில் ஆள் அனுப்பித்தான் வாங்கி வந்தோம்.

கல்யாண ஹால், கம்பெனி மீட்டிங் என்றே பழகிய கடை. படம் பளிச்சென்று விழ வேண்டும் என்பதில்தான் அவர்கள் கவனம். நாடகக்காரனுக்கு இருட்டும் வேண்டும் என்பது அவர்கள் பட்டியலிலேயே இல்லை. ஃபேன் சத்தமும் சபா அரங்கின் மூன்றாவது வரிசை வரை கேட்டது. செய்யுள் வசனத்துக்கு அது இடைஞ்சல்.

ஒத்திகை நாளுக்குப் பாதி வாடகைதான் வாங்கினார்கள், அது நல்ல மனசு. மறுபடியும் அங்கேதான் எடுப்பேன். ஆனால் லென்ஸ், ரிமோட், தொங்கவிடும் கிளாம்ப் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுப்பேன்.