நாவலா, அகராதியா, அம்மிச்சியா?

தங்கச்சி மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். எட்டாம் வகுப்போடு தமிழை விட்டவள். போன வேசகாலத்தில், அதாவது கோடை விடுமுறையில், கோபிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது, "மாமா, ஒரு தமிழ் நாவலாவது முழுசாப் படிச்சுப் போடோணும்" என்றாள். கொங்கு வட்டார நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பேச்சில் நாவல்களுக்குப் பஞ்சமில்லை. சொந்த ஊர்ப் பேச்சுத்தானே, வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். முதல் பக்கத்திலேயே பதினான்கு சொற்களில் தட்டி நின்றாள்.

அப்புறம் அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான்: தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது?

அவள் முதலில் போனது ஃபோனுக்கு. சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம் என்று அட்டை காட்டும் ஆப். நாவலில் இருந்து இருபது சொற்களை எடுத்துப் போட்டு நாளெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இது தோதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'ஒறம்பரை என்றால் விருந்தாளி' என்று ஒப்பித்த அதே பெண், வாசலில் நிஜமாகவே ஒறம்பரை வந்து நின்றபோது "கெஸ்ட் வந்திருக்காங்க" என்றுதான் உள்ளே குரல் கொடுத்தாள்.

அடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நின்று படிப்பது. ஒழுங்கானவர்கள் எல்லோரும் சிபாரிசு செய்யும் வழி. ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம் நகர்ந்தது. "கதையில இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டேன். தெரியவில்லை. போதாக்குறைக்கு, தேடின சொற்களில் பாதி கிடைக்கவும் இல்லை. வட்டார நாவல் பேசுகிறபடியே எழுதும். அகராதி எழுதுகிறபடி அடுக்கியிருக்கும். 'ஒலக்கை' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதற்கு மட்டும் ஒரு சின்னச் சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன். முதலெழுத்து ஒகரமாக இருந்தால் உகரம் போட்டுப் பார் (ஒலக்கை, உலக்கை). எகரமாக இருந்தால் இகரம் (எலை, இலை). பொகரமாக இருந்தால் பெகரம் (பொட்டி, பெட்டி). 'ஊடு' என்பது வீடு. இவ்வளவு தெரிந்தாலே அந்தப் பதினான்கில் நாலைந்து தெரியாத சொற்களே அல்ல, வேறு சட்டை போட்ட தெரிந்த சொற்கள்தான்.

எந்த அகராதி என்பதிலும் விஷயம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். பழைய இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அதை விட்டால் கதியில்லை. நாவல் படிக்கிற கல்லூரிப் பெண்ணுக்கு அது உரலைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதலில் வந்தது, 2020இல் மூன்றாம் பதிப்பு. எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுப்பதால் பொருள் மட்டுமல்ல, புழங்கும் விதமும் தெரிகிறது. வீட்டில் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதென்றால் என் ஓட்டு அதற்குத்தான். கொங்கு நாவலுக்கென்றால் கூடவே பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000) வேண்டும். நாவல் எழுதுகிறவரே அகராதியும் போட்டால் என்ன லாபமென்று அதைப் புரட்டினால் தெரியும்.

மூன்றாவது வழி நான் பழகியது. பென்சில் மட்டும். தெரியாத சொல்லுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி, நிற்காமல் ஓடு. அதே சொல் மறுபடி வந்தால் மறுபடி புள்ளி. அத்தியாயம் முடிந்த பிறகு, மூன்று புள்ளி வாங்கினதை மட்டும் பார். 'பொடக்காலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒருத்தி பொடக்காலியில் பாத்திரம் விளக்குகிறாள். இரண்டாம் தடவை அந்தப் பக்கமிருந்து நாய் குரைக்கிறது. மூன்றாம் தடவை கடன்காரன் முன்வாசலில் நிற்க, வீட்டுக்காரன் பொடக்காலி வழியாக நழுவுகிறான். இதற்கப்புறம் அகராதி 'வீட்டின் பின்புறம்' என்று சொல்வது சும்மா கையெழுத்துப் போடுகிற வேலை. இந்த வழியில் அவள் நாளைக்கு இருபத்தைந்து பக்கம் போனாள். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. தெரியாத சொல்லுக்குப் புள்ளி வைப்பாள். தெரிந்ததாக நினைக்கிற சொல்லுக்கு எப்படி வைப்பாள்? "அப்பா காட்டுக்குப் போயிட்டார்" என்று ஒருவன் சொல்ல, யானை இருக்குமே என்று இவள் பயந்திருக்கிறாள். எங்களுக்குக் காடு என்றால் மழையை நம்பி வெள்ளாமை வைக்கும் நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். இன்னொருவன் விடிகாலையில் 'கவலை ஓட்டப்' போகிறான். மனசு சரியில்லாமல் நடக்கப் போனான் என்று புரிந்துகொண்டு பத்துப் பக்கம் அவனுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறாள். எந்த ஆப்பும் இதைப் பிடிக்காது, அகராதியும் தானாக வந்து சொல்லாது.

பிடித்தது என் அம்மா, அவளுக்கு அம்மிச்சி. ராத்திரி சாப்பாட்டில் பேத்தி கதை சொல்லக் கேட்டவர், "கவலைன்னா அது இல்ல கண்ணு" என்று ஆரம்பித்தார். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதுதான் கவலை. கிணத்துமேடு, சரிவில் இறங்கும் ஜோடி எருது, வடக்கயிறு, தண்ணீரோடு ஏறிவரும் சால், கடைசியில் கரண்டு மோட்டார் வந்த வருஷம் வரைக்கும் வந்து நின்றது. "அந்தக் கவலை போயி கரண்டுக் கவலை வந்துருச்சு" என்றார். ஒரு சொல்லைக் கேட்டால் இருபது சொல் கிடைக்கிறது. ஆனால் அரை மணி நேரமும் போய்விடும். பொருள் மட்டும் சொல்லுங்கள் என்றால் அம்மாவுக்கு வராது.

அவருக்கும் எல்லை உண்டு. கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பக்கம், நெல் விளைகிற ஊரில் வளர்ந்தவர். 'கொறங்காடு' என்று வந்தபோது, "அது காங்கயத்துப் பக்கம், எனக்கு வெவரம் தெரியாது" என்று கையை விரித்தார். கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமரமுமாக மாடு மேய விடுகிற நிலம் அது. ஒரே கொங்கு நாடுதான், வாய்க்கால் ஊருக்கும் வறண்ட ஊருக்கும் சொல் வேறு.

இங்கிலீஷ் நாவலுக்கு இதே கணக்கு பொருந்துமா என்று அவள் கேட்டாள். அங்கே அம்மிச்சி இல்லை, அதுதான் சிக்கல். சொல்வளம் பற்றி நிறைய ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன், உதவியில்லாமல் நாவல் படிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேவை. அதாவது 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து புதுசு. அதற்கு மேல் போனால் பென்சில் வழி பலிக்காது, சுலபமான புத்தகமாக மாற்றிக்கொள்வது உத்தமம். அந்தக் கணக்கு இங்கிலீஷுக்குப் போட்டது. தமிழில் பதினான்கு புள்ளியோடு தொடங்கியவள் முடித்துக் காட்டினாள் என்றால், அதில் அரைவாசி அம்மாவின் வேலை.

இப்போது இரண்டாவது நாவலில் இருக்கிறாள். நேற்று ஃபோனில், மூன்று புள்ளிச் சொற்கள் பதினொன்று சேர்ந்திருக்கின்றன என்றாள். ஆறை க்ரியாவில் பார்த்துவிட்டாளாம். மீதி ஐந்தையும், சந்தேகப்படுகிற 'தெரிந்த' சொற்கள் இரண்டையும் நோம்பிக்கு (பண்டிகைக்கு) வரும்போது அம்மிச்சியிடம் கேட்கப் போகிறாளாம். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கென்ன, வரச் சொல்லு. ஆனா சோறு உண்டு போட்டுத்தான் கதை" என்றார்.