மேசைக்கு ஒரு மைக்கா, ஆளுக்கு ஒரு மைக்கா?

நாகர்கோவிலில் எங்கள் மாடியில் ஐந்து பேர் போர்டு கேம் ஆடி, யூடியூபில் நேரலையாக விடுகிறோம். "அண்ணே, எந்த மைக் வாங்க?" என்று மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கேட்டார். இரண்டிலும் கை சுட்டவன் நான்.

செலவு:
நடுமேசை, அதாவது மேசை நடுவே எல்லோருக்கும் ஒரே மைக் என்றால், கணினியில் நேராகச் செருகும் ஒரு யூஎஸ்பி மைக் போதும்.
ஆளுக்கொன்று என்றால் ஐந்து மைக், ஐந்து கேபிள், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதியும் மிக்சர் என்ற ஒலிக்கருவி. சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவரும், அதாவது கேபிள் வழியே போகும் மின்சாரமும் வேண்டும்.

ஒலி:
இங்கேதான் விஷயமே. நடுமேசை மைக்குக்குப் பகடை உருண்டாலே இடி விழுந்த மாதிரி. மைக்குக்கு அடியில் மடித்த துண்டு, பகடைக்குத் துணி விரித்த தாம்பாளம் என்று வைத்தோம், பாதி அடங்கியது. மழை அடங்குமா? நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் உண்டு. தகரக் கூரையில் அடித்தால் பேச்சு போச்சு.
வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் வகை மைக் ஆளுக்கொன்று இருந்தால் இந்தத் தொல்லை நன்றாகக் குறையும். யாராவது முறுக்குக் கடித்தால் அவர் ஒலியை மட்டும் இறக்கலாம்.

எளிமை:
நடுமேசை, செருகினால் சரி.
மற்றதில் வயர் காலில் சிக்கும்.

கேமரா இரண்டுக்கும் ஒன்றுதான்: பலகைக்கு நேர் மேலே ஒரு பழைய போன்.

எப்போதாவது நண்பர்களுக்காக ஆடினால் நடுமேசை மைக். வாராவாரம் கதை கேட்க ஆள் வந்தால் ஆளுக்கொரு டைனமிக். அப்புறம், ஐந்து யூஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் செருகும் வேலை மட்டும் வேண்டாம். நேரம் போகப் போக ஒலிகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விலகும்.