பெண்ணுறுப்பு மைக்ரோபயோம் சாம்பிள்: ஃப்ரீசரா, கரைசல் டியூபா? நம்ம குமரி மாவட்டத்துக்கு எது சரிவரும்

மைக்ரோபயோம் (உடம்புல வாழுற நுண்ணுயிர்க் கூட்டம்) ஸ்டடின்னு சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது டிஎன்ஏவை வாசிக்குற சீக்வென்சிங் எங்க பண்ணப்போறீங்க, எவ்வளவு ஆகும்னுதான். ஆனா நம்ம பக்கம் காரியம் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போகும். பேச்சிப்பாறைக்கு மேல ஒரு காணி பழங்குடிக் குடியிருப்புல எடுத்த ஸ்வாப் (சாம்பிள் எடுக்குற குச்சி), சும்மா ஒரு டியூபுல கெடந்து வெயில்லயும் ஈரக்காத்துலயும் நாகர்கோவில் வந்து சேருறதுக்குள்ள சில பாக்டீரியா பெருகியிருக்கும், சிலது செத்திருக்கும், அப்புறம் எவ்வளவு பெரிய மெஷின்ல போட்டாலும் நீங்க பாக்குறது அந்தப் பெண்ணோட உடம்பை இல்ல, ஜீப்பு வந்த வழியத்தான்.

முதல்ல யாரு எடுக்குறது. டாக்டர் ஸ்பெக்குலம் (உள்ள விரிச்சுப் பாக்குற கருவி) வச்சு எடுத்தா எந்த இடத்துல தொட்டோம்னு உறுதியா தெரியும். அந்தப் பெண்ணே எடுத்தா அப்படிக் கண்ணால பாக்க முடியாது, ஆனா ரெண்டையும் ஒரே ஆளுகிட்ட எடுத்து ஒப்பிட்டப்போ பெரிய வித்தியாசம் இல்லன்னு நிறைய தடவை பாத்தாச்சு. பெல்ஜியத்துல 2020ல ஆரம்பிச்ச, பெண்ணுறுப்பு பாக்டீரியாவைப் பாக்குற இசாலா ப்ராஜெக்ட்ல 3,000 பேருக்கு மேல வீட்டுலயே எடுத்து அனுப்பித்தான் ரிசல்ட் வந்துச்சு. நம்ம ஊருல இன்னொரு காரணமும் உண்டு, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஸ்பெக்குலம்னா வீட்டுல சம்மதிக்கவே மாட்டாங்க, அப்போ உங்க ஸ்டடியில கல்யாணம் ஆனவங்க மட்டும்தான் இருப்பாங்க. அதனால என் ஓட்டு சொந்தமா எடுக்குறதுக்குத்தான், ஆனா சும்மா பேப்பரக் குடுத்துட்டு வந்தா நடக்காது. நர்ஸ் அக்கா ஒரு ஸ்வாப்பைக் கையில வச்சுக் காட்டணும்: கைய நல்லா கழுவுங்க, ஸ்வாப் முனை எதுலயும் படக்கூடாது, ரெண்டு இஞ்ச் உள்ள போகட்டும், சுவர்ல பட்டு நாலஞ்சு சுத்து சுத்துங்க. அப்போ கண்டிப்பா ஒருத்தி கேப்பா, "அக்கா, உள்ள வச்சு ஒடிஞ்சிராதா?" அவ கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு, டியூபுக்குள்ள ஒடிச்சுப் போடுறதுக்காக குச்சியில ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டை விரலால மூடிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தா பயம் போயிரும். துணை சுகாதார நிலையத்துல எடுக்கிறதா இருந்தா தாழ்ப்பாள் உள்ள ரூம் இருக்கான்னு முன்னாடியே போய்ப் பாருங்க, சத்தியமா இதுதான் பாதி வேலை.

ஸ்வாப் இல்லாம திரவத்தை உள்ள விட்டுக் கழுவி எடுக்குற முறை ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும்தான் சரிவரும், தண்ணி எவ்வளவு திரும்பி வருதோ அதுக்கேத்த மாதிரி அளவும் மாறும். மென்ஸ்ட்ருவல் கப் நிறைய திரவம் தரும், புரதம் பாக்குறவங்களுக்கு நல்லது, ஆனா இங்க பழக்கம் உள்ளவங்க கம்மி. யூரின் ஈசி, ஆனா எது எங்கிருந்து வந்த பாக்டீரியான்னு பிரிக்க முடியாது. ஸ்வாப்லயும் மரக்குச்சிப் பஞ்சை வாங்கிராதீங்க, விலை கம்மிதான், ஆனா மரத்துல உள்ள சில பொருள் டிஎன்ஏவைப் பெருக்குற பிசிஆரையே தடுக்கும், பஞ்சும் எடுத்ததை முழுசா விடாது. நைலான் மயிர் நட்ட ஸ்வாப் எடுத்ததை நல்லா திருப்பிக் குடுக்கும்.

இப்போ முக்கியமான சண்டை. மைனஸ் 80 ஃப்ரீசர்தான் எல்லா லேபும் நம்புறது: ஸ்வாப்பைக் காய்ஞ்சபடியே உறைய வச்சா டிஎன்ஏயும் பாக்கலாம், லாக்டிக் அமிலம் மாதிரி சின்ன மூலக்கூறும் பாக்கலாம். சிக்கல் வழியிலதான். குளச்சல்ல மீனுக்குப் போடுற ஐஸ் 0 டிகிரிதான், உறைய வைக்க மைனஸ் 78 டிகிரி டிரை ஐஸ் வேணும், அது திறந்த பாத்திரத்துல கற்பூரம் மாதிரி கரைஞ்சு போகும், மலைக்குப் போற அன்னைக்குப் பாத்து வாங்கணும். கரண்டும் ஒரு கேள்வி. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ இந்த மாவட்டத்துல பல இடத்துல நாள்கணக்கா கரண்ட் இல்ல, ஜெனரேட்டரும் டீசலும் யோசிக்காம ஃப்ரீசரை நம்புறது தைரியம்தான். அப்புறம் வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் போதுமேன்னு சொல்றவங்களுக்கு: தானா ஐஸ் உருக்குற மாடல்னா அது இடையிடையே சூடாகி உருக்கித்தான் அப்படி சுத்தமா இருக்கு, ஒவ்வொரு தடவை உருகி உறையும்போதும் மெல்லிய சுவர் உள்ள பாக்டீரியா முதல்ல உடையும்.

டிஎன்ஏவைக் காக்குற திரவம் உள்ள கரைசல் டியூப்ல ஸ்வாப்பைப் போட்ட உடனே செல் எல்லாம் நின்னுபோகும், டிஎன்ஏ சாதா ரூம்லயே நாள்கணக்கா தாங்கும், எவ்வளவு நாள்னு கம்பெனி போட்டிருக்குற தாளைப் பாருங்க. களத்துக்கு இதுதான். ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு: பாக்டீரியாவை உயிரோட வளர்க்க முடியாது, பிஹெச் (புளிப்புத்தன்மை அளவு) பாக்க முடியாது, அமில அளவும் கெட்டுப்போகும். லாக்டோபாசிலஸ்ங்குற பாக்டீரியா வகையில கிரிஸ்பேட்டஸ் உள்ளவங்களை இனர்ஸ் உள்ளவங்கள்ல இருந்து பிரிச்சுப் பாக்குறது மட்டும்தான் நோக்கம்னா டியூப் போதும், அந்தப் பாக்டீரியாவை வளர்த்து புரோபயாட்டிக் பாக்கணும்னா வேற ஸ்வாப், வேற திரவம், சீக்கிரமா லேப், அவ்வளவுதான் வழி.

ரெண்டுல எதை எடுத்தாலும் பாதி பேருக்கு ஃப்ரீசர் பாதி பேருக்கு டியூப்னு மட்டும் பண்ணிராதீங்க. மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு ஃப்ரீசர், மலைப் பெண்களுக்கு டியூப்னு வச்சா, அப்புறம் தெரியுற வித்தியாசம் பெண்களுக்கா சேமிப்புக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, கண்ணாடி ஸ்லைடை விட்டுராதீங்க. ஸ்வாப்பை ஒரு தடவை உருட்டி காத்துல காய வச்சா ஃப்ரிட்ஜே வேண்டாம், பிற்பாடு கிராம் சாயம் (பாக்டீரியாவைப் பிரிச்சுக் காட்டுற சாயம்) போட்டு நியூஜென்ட் ஸ்கோர் (மைக்ராஸ்கோப்புல பாத்துப் போடுற 0-10 மார்க்) பாக்கலாம், 7ஓ அதுக்கு மேலயோன்னா பாக்டீரியல் வஜைனோசிஸ் (நல்ல பாக்டீரியா குறைஞ்சு மத்தது பெருகுற நிலை). 1991ல வந்த முறை, இன்னைக்கும் சீக்வென்சிங் ரிசல்ட்டைத் தட்டிப் பாக்க உதவும்.

பீரியட்ஸ் எத்தனாவது நாள், ரெண்டு நாளைக்குள்ள உறவு உண்டா, சமீபத்துல ஆன்டிபயாட்டிக் சாப்ட்டாங்களா, இதெல்லாம் அன்னைக்கே எழுதி வாங்கணும். லேபிளுக்கு ஃப்ரீசர் தாங்குற ஸ்டிக்கர் வேணும், சாதா ஸ்டிக்கர் உறைஞ்சா உரிஞ்சு விழும், பேனா மை ஸ்பிரிட் பட்டா போயிரும். யாரையும் தொடாத ஒரு காலி ஸ்வாப்பையும் ஒவ்வொரு முகாம்லயும் அதே டியூபுல போட்டு சேத்து அனுப்புங்க. டிஎன்ஏ பிரிக்குற கிட்டுலயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும், கருப்பை உள்சுவர் மாதிரி பாக்டீரியா ரொம்பக் கம்மியா உள்ள சாம்பிள்னா அந்தக் காலி ஸ்வாப் இல்லாம ரிசல்ட்டை நம்பவே முடியாது.