கோல்பர்ன் ஆற்றில் டிரவுட் தேடி ஒரு நீண்ட வாரயிறுதி: வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்பீடு

மெல்பர்னுக்கு வடகிழக்கே, ஐல்டன் அணைக்குக் கீழே ஓடும் கோல்பர்ன் ஆற்றில் ஃப்ளை தூண்டில் (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையை வீசி மீன்பிடிக்கும் முறை) பழகுவதற்காக, புனித வெள்ளி நீண்ட வாரயிறுதியில் நானும் என் மைத்துனரும் இரண்டு நாளுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தோம். பிடோக், லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களில் பீக்காக் பாஸ் மீனுக்குச் செயற்கை இரை வீசிப் பழகியவர்கள் நாங்கள். ஆற்று டிரவுட் இருவருக்கும் புதிது. ஆகவே இந்த மதிப்பீடு, எங்களைப் போலச் சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகப் போக நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. கற்றுக்கொடுத்த விதத்தில் அந்தச் சேவையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆற்றின் நிலைமையைச் சொல்லாமலே முன்பணம் வாங்கிக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டிரவுட் குளிர்ந்த நீரின் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையிலான ஓடும் நீரில் அது நன்றாக இரையெடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும் என்பதால், பொறுப்புள்ள தூண்டில்காரர்கள் அப்போது மீன்பிடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். டிரவுட் என்றதும் நம்மவர்களுக்கு நீலகிரியின் அவலாஞ்சியும் இலங்கையின் நுவரெலியாவும் நினைவுக்கு வரலாம். பணமும் நேரமும் உள்ளவர்கள் நியூசிலாந்தின் டாவ்போ பக்கம் போவார்கள். மூன்று நாள் மட்டுமே கையில் இருக்கும்போது, சாங்கியிலிருந்து ஏறத்தாழ ஏழரை மணி நேர விமானப் பயணமும் அதன்பின் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கார்ப் பயணமும் கொண்ட கோல்பர்ன்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஹீல்ஸ்வில் ஊரைத் தாண்டி, வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்களுக்கும் மரப்பெரணிகளுக்கும் நடுவே வளைந்து செல்லும் பிளாக் ஸ்பர் மலைச்சாலை வழியாகப் போவது நல்லது. விமானத்தில் தூங்காமல் வந்தவர் அந்தச் சாலையில் காரோட்டக் கூடாது.

இந்த ஆற்றைப் பொறுத்தவரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அணையைப் பற்றித்தான். 1950களில் பெரிதாக்கிக் கட்டப்பட்ட ஐல்டன் அணை, ஏரியின் ஆழத்திலிருந்து நீரைத் திறந்துவிடுகிறது. அதனால் கடும் கோடையிலும் கீழே ஆறு குளிர்ந்தே இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுன் டிரவுட்டுக்கு இது வரமாக அமைந்தது. அந்த இனத்தின் முட்டைகள் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே கப்பலில் பொதியப்பட்டு, 1864ஆம் ஆண்டு தாஸ்மேனியாவை அடைந்து அங்கே பொரித்தன. மண்ணின் மீனான மர்ரே காட் உள்ளிட்ட இனங்களின் இனப்பெருக்கம் அதே குளிரால்தான் பாதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எங்கள் வழிகாட்டி இதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த அணை ஒரு பாசன அணை. வடக்கே உள்ள பண்ணைகளுக்கு நீர் தேவைப்படும் கோடை முழுவதும் ஆறு கரைபுரண்டு ஓடும்; இலையுதிர்காலத்தில் (அங்கே மார்ச் முதல் மே வரை) தேவை குறையக் குறைய நீர்மட்டமும் இறங்கும். மட்டம் உயர்ந்திருக்கும்போது ஆற்றில் இறங்கி நிற்க முடியாது. படகிலிருந்தோ கரையோரத்து ஓரிரு இடங்களிலிருந்தோதான் வீச முடியும். நாங்கள் சென்ற ஏப்ரலில் மட்டம் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டியிருந்தோம். போய்ச் சேர்ந்த பிறகுதான், திறப்பு இன்னும் குறையவில்லை என்றும் முதல் நாள் ஆற்றில் இருக்கும் நேரம் முழுவதும் படகிலேயே கழியும் என்றும் தெரிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு எத்தனை மெகாலிட்டர் நீர் திறக்கப்படுகிறது என்ற கணக்கு அன்றாடம் இணையத்தில் வெளியாகிறது. அதைத் தினமும் பார்த்துத் தொழில் நடத்துபவர் ஒரு வாரம் முன்னதாக ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். தேதியை மாற்றியிருக்க மாட்டோம் என்றாலும், மனத்தளவில் தயாராகிப் போயிருப்போம்.

இந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டியது சனிக்கிழமை காலை அவர் நடத்திய வீச்சுப் பாடம். ஆற்றுக்கே போகாமல், தார்ன்டன் அருகே ஒரு புல்வெளியில், முள்ளுக்குப் பதில் ஒரு சிறு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு எங்களை வீசவைத்தார். சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை நரம்பை (தூண்டில் கயிற்றை) இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை தூண்டிலில் இறகாலும் நூலாலும் கட்டிய இரைக்கு எடையே இல்லை, நரம்புதான் கனமானது. ஆகவே கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, நரம்பு முழுவதும் முதுகுக்குப் பின்னால் விரியும் வரை பொறுத்து, அதன் பிறகே முன்னால் செலுத்த வேண்டும். நீர்த்தேக்கத்தில் மணிக்கட்டைச் சொடுக்கியே பழகிய கைக்கு இந்தப் பொறுமை எளிதில் வருவதில்லை. வழிகாட்டி என் மைத்துனரின் மணிக்கட்டைக் கோலின் அடியோடு சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிட்டார். மிரட்டலும் இல்லை, பொய்ப் பாராட்டும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் இருவரின் நரம்பும் ஓரளவு நேராக விழத் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இவரை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பேன்.

அடுத்தபடியாக நீரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததைச் சொல்ல வேண்டும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் விளிம்பில், அதிகம் உழைக்காமல், அடித்துவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். அதனால் கீழ்ப்பக்கமிருந்து, அதன் முதுகுப்புறமாகவே அணுக வேண்டும். மிதக்கும் இரை, ஆறு இழுத்துச் செல்லும் அதே வேகத்தில் போக வேண்டும். நரம்பு அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டாலும் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. மேலே மிதக்கும் ஒரு ஃப்ளை, அதன் முள்ளிலிருந்து மெல்லிய தங்கூசியில் (நைலான் இழையில்) தொங்கியபடி நீருக்குள் போகும் இன்னொன்று என்ற இரட்டை அமைப்பைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினோம். மேலுள்ளதே தக்கையின் வேலையையும் செய்துவிடுகிறது. முள்நுனியில் எதிர்த்திசையில் துருத்தி நிற்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுவதும், மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்வதும் கட்டாயம் என்றார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்புப் படலம் போய்விடும். ஆற்றில் திரும்ப விட்ட பிறகு அது நோய்த்தொற்றுக்கு எளிதில் ஆளாகலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆற்றை விட்டுவிட்டு, அதில் வந்து கலக்கும் ரூபிகான் ஆற்றுக்கு அழைத்துச் சென்றார். அணைத் திறப்போடு சம்பந்தமில்லாத, மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு அது; முழங்காலளவு நீரில் நடந்தபடியே வீச முடிந்தது. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் சாண் நீளத்துக்குச் சற்று அதிகமான பிரவுன் டிரவுட்டுகள். பெரிய மீனோடு படம் எடுத்துக்கொள்ள வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை; தேன்நிற உடலில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் கொண்ட அந்த மீன், நாம் வீசிய இடத்திலேயே மேலெழுந்து இரையைக் கவ்வுவதைக் கண்ணால் பார்ப்பது, கோல்பர்னில் படகிலிருந்து பிடித்த பெரிய ரெயின்போ டிரவுட்டைவிட மனத்துக்கு நிறைவளித்தது.

கருவிகளில் கோலும் ரீலும் தரமானவை, நன்கு பராமரிக்கப்பட்டவை. நீரில் இறங்குவதற்கான வேடர்ஸ் உடையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எனக்குத் தரப்பட்டதில் முழங்காலுக்குக் கீழே கசிவு இருந்தது, அந்தக் குளிரில் அது சிறிய விஷயமன்று. அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கியும், மைத்துனருக்குப் பொருந்தும் காலணி இல்லை. மதிய உணவு கட்டணத்தில் அடங்கியது. மைத்துனர் சைவம் என்பதை எழுத்தில் தெரிவித்திருந்தும் இரண்டு நாளும் கோழி ரொட்டியே வந்தது. அவர் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த முறுக்கை வைத்துச் சமாளித்தார். புனித வெள்ளியன்று விக்டோரியாவில் பேரங்காடிகள் மூடப்பட்டிருக்கும் என்பதால், சைவ உணவு தேவைப்படுவோர் அதற்கு முன்னேற்பாடு செய்துகொண்டே போக வேண்டும்.

மீன்பிடி உரிமத்தை விக்டோரியா மாநில அரசின் இணையத்தளத்தில் நாமே வாங்கிக்கொள்ளலாம். மூன்று நாளுக்கான உரிமமும் உண்டு. இங்கிருந்து சொந்தக் கருவிகளைக் கொண்டுபோனால், பயன்படுத்திய காலணி, இறகால் கட்டிய ஃப்ளை முதலியவற்றை வருகை அட்டையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் விடமாட்டார்கள். முதல் பயணத்துக்கு எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது, வேடர்ஸை வாங்கும்போதே சோதித்துப் பார்த்துவிட்டால். ஆற்று டிரவுட்டுக்கு ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் முதல் சனிக்கிழமை வரை தடைக்காலம் என்பதையும் பயணச்சீட்டு எடுக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

வழிகாட்டிக் கட்டணம் இருவருக்குச் சேர்த்து நாளொன்றுக்கு 600 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் வந்தது. கருவி வாடகையும் உணவும் அதில் அடக்கம். தனியாகப் போனாலும் ஏறத்தாழ அதே தொகை என்பதால், துணை சேர்த்துக்கொண்டு போவதே கட்டுப்படியாகும். நாங்கள் ஞாயிறு இரவு விமானத்தைப் பிடிக்க, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் ஆற்றைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. முந்தைய நாள் பூச்சிகள் கூட்டமாக எழும்பி மீன்கள் மேலே வந்ததோ அதற்குப் பிந்தைய நேரத்தில்தான். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு கிடைக்குமானால், ஞாயிறு மாலையையும் ஆற்றங்கரைக்கே ஒதுக்கி மறுநாள் விமானத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.